மேலேயிருந்து பார்த்தவர்

கல்லங்காடு லாரிகளுக்கு உடம்பு கட்டும் ஊர். இன்ஜினும் சக்கரமும் மட்டுமாக, கதவில்லாமல் கூரையில்லாமல், ஓட்டிவருகிறவர் தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் ஓட்டிவரும் அம்மண வண்டிகள், இந்த ஊர்ப் பட்டறைகளில் மரமும் தகரமும் பெயின்டும் வாங்கிக்கொண்டு, நெற்றியில் குலசாமி பெயரும் முதுகில் ஹாரன் அடிக்கச் சொல்லும் வாசகமுமாக வெளியே போகும். ஆகவே உடம்பு வேறு, உள்ளே இருந்து ஓட்டுவது வேறு என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஊருக்கு உபநிடதம் தேவைப்பட்டதில்லை. உடம்பு இல்லாமல் ஓடிவருவதைத்தான் அது தினமும் பார்க்கிறதே.

அதனால்தான், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் சிகாமணி, மாரடைப்பில் செத்துப்போய் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து ஐஸ் பெட்டிக்குள் கிடத்தப்பட்டவர், உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டியபோதும், மூடியைத் திறந்ததும் எழுந்து உட்காராமல், படுத்த வாக்கிலேயே, கழுத்து மாலைகளோடும் நெற்றிக் காசோடும், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணியோடும் மெல்ல மேலே போய்ச் சாமியானாவில் முட்டி நின்றபோதும், கூட்டத்தில் ஒருவரும் ஓடவில்லை. பந்தல்காரர் மட்டும், துணி கிழிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். எதிர்ப் பட்டறையிலிருந்து ஒருவர் போய், லாரியில் தார்ப்பாய் கட்டும் கயிற்றைக் கொண்டுவந்து, வாத்தியாரின் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, சரக்கு நழுவாத முடிச்சு ஒன்று போட்டு, மறுமுனையை ஆட்டுக்கல்லில் கட்டினார். அதற்குப் பிறகு எல்லோரும் நிம்மதியாகக் காபி குடித்தார்கள்.

சிகாமணியின் மனைவி கமலவேணி அப்போது சாமான் அறையில் இருந்தாள். கதவைத் திறந்த யாரோ ஒருத்தி, உன் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார், சீக்கிரம் வெளியே வா என்றாள். பிறகு கமலவேணியின் வெறும் கழுத்தையும் வெறும் கையையும் பார்த்துவிட்டு, அதே மூச்சில், இப்போதைக்கு வெளியே வராதே என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

இங்கே சிகாமணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெற்றோர் வைத்த பெயர் தெய்வசிகாமணி. இளம் வயதிலேயே முன்னால் இருந்த தெய்வத்தைக் கழற்றி வீசிவிட்டு, மிச்சத்தோடு மேடையேறியவர். பேய் ஓட்டுகிறவர்களையும் ஜாதகம் பார்க்கிறவர்களையும் மைக் பிடித்துக் கிழித்தவர். ஆனால் அவருடைய பெயர்போன பேச்சு, கணவன் செத்தால் மனைவியின் வளையலை உடைக்கும் வழக்கத்தைப் பற்றியது. "வளையல் கண்ணாடி. கண்ணாடி மணல். மணலுக்கு மாங்கல்யம் தெரியாது" என்று அவர் சொல்லி நிறுத்தும்போது கைத்தட்டல் எழும். எத்தனையோ ஊர்களில், எத்தனையோ வருஷங்களாக, முதல் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டு மனப்பாடம் செய்தவள் கமலவேணி. கைத்தட்டலில் முதல் தட்டல் அவளுடையது.

அவர் இறந்த அன்று காலையில் அவருடைய அக்கா பழனாத்தாள் குழவிக்கல்லோடு வந்து நின்றபோது, கமலவேணி அந்தப் பேச்சை வரி மாறாமல் சொன்னாள். பழனாத்தாள் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்து, "அவன் சொல்லுவான் அம்மிணி. இப்ப சொல்ற நெலமையிலயா இருக்கான்?" என்றாள். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். தம்பியின் மேல் இருந்த பாசத்தையெல்லாம் சேர்த்து ஒரே போடாகப் போட்டதில் வலது கை வளையல்கள் ஒன்றாக நொறுங்கி, ஒரு சில்லு மணிக்கட்டில் இறங்கியது. அதை யாரும் கவனிக்கவில்லை. தாலியைக் கழற்றுவதற்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அது நடந்து முடிந்து அவளைச் சாமான் அறையில் தள்ளிக் கதவைச் சாத்திய பிறகுதான் ஐஸ் பெட்டியில் தட்டும் ஓசை கேட்டது. தட்டுவதென்றால் கொஞ்சம் முன்னால் தட்டியிருக்கலாம்.

சிகாமணி இறங்கவில்லை. டாக்டர்கள் வந்து பார்த்தார்கள், நாடி இருந்தது, மூச்சு இருந்தது, எடை மட்டும் இல்லை. ஊர் அவருக்கு வழிவிட்டது. வீட்டு மின்விசிறிகளைக் கழற்றினார்கள். விட்டத்தில் மெத்தையைத் தலைகீழாக அடித்தார்கள். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தே பேசியதால் கல்லங்காட்டில் கழுத்துவலித் தைலம் நன்றாக விற்றது. வெளியூர்க் கூட்டங்களுக்கு அவரைக் கூப்பிட்டபோது ஒரு பட்டறைக்காரர் லாரியின் நடுவில் வளையம் பற்றவைத்துக் கொடுத்தார். அதில் கயிற்றைக் கட்டி, வாத்தியார் மேலே காற்றில் மிதக்க, லாரி நிதானமாகப் போகும். தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கி அவர் பாதத்தில் தொடவைப்பார்கள். ஒரு மடத்தில் பொன்னாடை போர்த்த விரும்பி, கடைசியில் தொரட்டியால் மாட்டினார்கள்.

கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டுமல்லவா? அது மனைவியின் வேலை என்று யாரும் சொல்லாமலே எல்லோரும் முடிவு செய்தார்கள். ஏணியில் ஏறி அவருக்குச் சோறு ஊட்டினாள். அவர் சிந்தியதைத் தலைமுடியிலிருந்து எடுத்தாள். அவர் குளித்த தண்ணீரில் நனைந்தாள்.

மேலேயிருந்து அவர் சொன்னது வெளிச்சத்தைப் பற்றி. நம் பக்கத்தில் செத்துப் பிழைத்தவர்கள் வழக்கமாகச் சொல்வது வேறு கதை: எமதூதர்கள் ஆள் மாற்றிப் பிடித்துப் போனதும், அங்கே கணக்குப் பார்க்கிறவர் திட்டித் திருப்பி அனுப்பியதுமான ஓர் ஆபீஸ் குளறுபடி. சிகாமணி ஆங்கில மாத இதழ்கள் படித்தவர் என்பதால் அவருக்குக் குகை வந்தது, குகையின் முடிவில் வெளிச்சம் வந்தது, வெளிச்சம் அவரோடு அன்பாகப் பேசியது. அங்கே பேதமில்லை, வலியில்லை, எல்லாம் ஒன்று என்றார். மேடைக் காலத்துப் பழைய நண்பர்கள் கண்ணுக்குத் தெரியாத கம்பி இருக்கிறதா என்று அவருக்கு மேலே கையை வீசிப் பார்த்துவிட்டு, கம்பி இல்லாததால் கோபித்துக்கொண்டு போனார்கள்.

இதற்கிடையே கமலவேணி சுமங்கலியா இல்லையா என்ற கேள்வி ஊரில் தீராமல் இருந்தது. கணவனுக்கு உயிர் வந்துவிட்டது, ஆனால் கால் தரையில் படவில்லையே என்றார்கள். கல்யாணங்களுக்கு அழைத்தார்கள், ஆனால் பின்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். பழனாத்தாள் புதுத் தாலிக்கயிறும் புது வளையலும் வாங்கிக்கொண்டு வந்து, நடந்தது நடந்துபோச்சு என்றாள்.

"உடைச்சது தப்புன்னு ஒருத்தர் சொல்லட்டுங்க நங்கை. அப்பறம் போட்டுக்கறேன்" என்றாள் கமலவேணி. கணவனின் அக்காவை நங்கை என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து மரியாதை. அந்த மரியாதையில் அவள் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

அவள் மனதில் இருந்த அந்த ஒருத்தர் பழனாத்தாள் அல்ல. விட்டத்தில் இருந்தவர். செத்த பிறகு மேலே நின்று எல்லாவற்றையும் பார்த்ததாக ஊர் ஊராகச் சொல்லிவருகிறவர், இதையும் பார்த்தேன் என்று ஒரு தடவை, அதே மைக்கில் சொன்னால் போதும் என்று அவள் காத்திருந்தாள். ஒவ்வொரு கூட்டத்திலும் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தாள். வெளிச்சம் வரும், குகை வரும், பந்தலில் யார் அழுதார்கள் என்பது வரும், கூட்டம் கண்ணைத் துடைக்கும், அதோடு முடிந்துவிடும். ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள். அவர் மேலேயிருந்து கனிவோடு சிரித்தார்.

"எல்லாம் பாத்தேன் கமலா. ஆனா அங்கிருந்து பாத்தா அதெல்லாம் ரொம்பச் சின்னது."

அன்றிலிருந்து அவள் சோற்றில் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டாள். அவர் கேட்டபோது, மேலேயிருந்து பார்த்தால் உப்பு ரொம்பச் சின்னது என்றாள்.

டாக்டர் ஞானப்பிரகாசம் இந்த நேரத்தில்தான் வந்து சேர்ந்தார். பெரிய நகரத்தில் மூளைக்கு வைத்தியம் பார்க்கிறவர், நேர்மையானவர், ஆகையால் யாருக்கும் பிடிக்காதவர். மிதப்பது மிதப்பதற்கு மட்டும்தான் சான்று, பலூனும் மிதக்கிறது, யாரும் அதனிடம் போய் மறுமையைப் பற்றிக் கேட்பதில்லை என்றார் வந்த அன்றே. வெளிச்சம், குகை எல்லாம் பிராணவாயு குறைந்த மூளை காட்டும் படம் என்றார். உயிர் உடம்பை விட்டு வெளியே நின்று பார்த்தது என்று நிரூபிக்க வேண்டுமானால், இதயம் நின்றிருந்த நேரத்தில் வேறொரு இடத்தில் நடந்த ஒன்றை, வேறு யாரும் சொல்லியிருக்க முடியாத ஒன்றை, அவர் சொல்ல வேண்டும். அங்கே இருந்தவர் அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பந்தலில் நடந்ததெல்லாம் ஆளாளுக்குப் போனில் எடுத்து வைத்திருந்தபடியால் செல்லாது.

சிகாமணி யோசித்தார். போன் இல்லாத இடம் ஒன்று இருந்தது. அடுத்த கூட்டத்திலேயே, மைக்கில், கமலவேணி கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, சொல்லிவிட்டார்: அவர் ஐஸ் பெட்டியில் கிடந்தபோது அவருடைய மனைவி சாமான் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் அளவு சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வளையலை உடைத்தது சின்னதாகத் தெரிந்த அதே உயரத்திலிருந்து, அவள் வாயில் வைத்த சோறு மட்டும் எப்படிப் பெரிதாகத் தெரிந்தது? ஆயிரம் தலைகள் அண்ணாந்திருந்தவை ஒன்றாகக் குனிந்து அவளைப் பார்த்தன.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில், பசி தாங்கலையாக்கும் என்று ஒருத்தி பக்கெட்டிடம் சொன்னாள். ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தபோதா என்று இன்னொருத்தி தன் குடத்திடம் கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனதிலிருந்து அவள் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை என்பது பக்கெட்டுக்கும் குடத்துக்கும் தெரியாது. ஊரோ இரண்டாகப் பிரிந்து, ஆனால் ஒரே இடத்தில் வந்து நின்றது: அவள் ஒத்துக்கொண்டால் மறுமை உண்டு, அவள் மானம் இல்லை, மறுத்தால் மானம் உண்டு, மறுமை இல்லை. பெரியவர்கள் வந்து, உலகத்துக்காக ஒத்துக்கொள் என்றார்கள். உலகம் அதற்கு முன்னால் அவளிடம் எதையும் கேட்டு வந்ததில்லை.

கேட்டு வந்தவர்களில் ஒருத்தியிடம் மட்டும் அவளால் முகத்தைத் திருப்ப முடியவில்லை. பெயின்ட் பட்டறையில் தகரம் தேய்க்கும் தங்காயி. பின்னால் வந்த லாரியை அவளுடைய பையன் பார்க்கவில்லை. கல்லங்காட்டில் உடம்பு கட்டிய லாரி அது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையைப் பிசைந்துகொண்டு, "தின்னேன்னு சொல்லிருங்கக்கா. எம் பையன் எங்கியோ இருக்கான்னு ஆயிரும்" என்றாள்.

கல்யாண மண்டபத்தில் பரிசோதனை நடந்தது. மணமேடையில் மைக் வைத்தார்கள். சிகாமணியின் கயிற்றை மணவறைத் தூணில் கட்டினார்கள். டாக்டர் ஏணியில் ஏறி, அவர் வாயருகே காதை வைத்து, அன்று அறையில் பார்த்ததை முழுசாகக் கேட்டுக்கொண்டார். மண்டபத்தில் ஒருவருக்கும் அது கேட்கவில்லை. பிறகு இறங்கி வந்து கமலவேணியிடம் மைக்கை நீட்டினார். சாப்பிட்டது உண்மையா என்று கேட்டார்.

"சாப்பிட்டேன்."

மண்டபம் மூச்சை விட்டது. என்ன சாப்பிட்டீர்கள் என்றார் டாக்டர்.

"பழைய சோறு."

டாக்டரின் முகம் லேசாக வெளுத்தது. காதில் கேட்டது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று முன்வரிசை புரிந்துகொண்டது, யாரோ கைகூப்பினார்கள். தங்காயி எழுந்தே நின்றுவிட்டாள். தொட்டுக்கொள்ள என்ன இருந்தது என்று டாக்டர் கேட்டார்.

"எதுவும் இல்லைங்க."

டாக்டர் மேலே பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. வாழ்நாள் முழுவதும் தப்பான விடையைத் திருத்தாமல் வகுப்பை விட்டு வெளியேறியிராத ஒருவரை அந்த நேரத்தில் யாரும் பார்த்திருக்கக் கூடாது.

"ஊறுகா இருந்துச்சே கமலா" என்றார் சிகாமணி. "மாங்கா ஊறுகா. செவப்பா, சோத்துல எறங்கி இருந்துச்சு. நல்லா யோசிச்சுச் சொல்லு."

கமலவேணி யோசித்தாள். அந்த அறை, மூலையில் பானை, ஈயத் தட்டு. கதவுக்கு வெளியே ஒப்பாரி. பசி என்றால் வயிற்றில் மட்டும் இல்லாமல் காதிலும் கண்ணிலும் அடைக்கும் பசி. வலது கையால் சோற்றை அள்ளியபோது மணிக்கட்டில் இறங்கியிருந்த சில்லின் ஓரமாக ரத்தம் பொங்கி, உள்ளங்கை வழியாக விரலுக்கு வந்து, விரல் வழியாகச் சோற்றில் இறங்கியது. அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பிசைந்தாள். பிசைந்து தின்றாள்.

அப்படியானால் இவர் பார்த்திருக்கிறார். நிஜமாகவே, செத்துக் கிடந்த நேரத்தில், சாத்திய கதவுக்குள்ளே, அவள் தலைக்கு மேலே நின்று பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு அதை ஊறுகாய் என்று நினைத்திருக்கிறார்.

உலகம் தோன்றிய நாள் முதலாக மனிதர்கள் தேடிவரும் சான்று அவளுடைய வலது மணிக்கட்டில், வளையல் இருந்த இடத்து வெறுமையில், ஒரு தழும்பாக இருந்தது. கையைத் தூக்கிக் காட்டினால் போதும். இந்தக் கூட்டம் அதை அடுத்த ஊருக்கும் அதற்கடுத்த ஊருக்கும் லாரியில் ஏற்றும். தழும்பைத் தொட்டுக் கும்பிடும். அது எப்படி வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கப் போவதில்லை. அந்தச் சிவப்பை இவர்களுடைய சொர்க்கத்துக்கு அத்தாட்சியாகக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

"அன்னிக்கு ஊட்டுல ஊறுகா இல்லைங்க" என்றாள்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அது மட்டுமல்ல, அதற்குச் சாட்சியும் எழுந்தது. குறை சொல்லும் வாய்ப்பை எந்த மண்டபத்திலும் விட்டுக்கொடுக்காத பழனாத்தாள் எழுந்து நின்று, ஜாடி காலியாகத்தான் இருந்தது, எழவுக்கு வந்த சனத்துக்குப் போடத் தேடி நானே கையை விட்டு வழித்துப் பார்த்தேன், ஒரு ஊறுகாய்கூட இல்லாமல் குடித்தனம் நடத்திய லட்சணம் அப்படி என்று முழங்கினாள்.

டாக்டர் ஞானப்பிரகாசம் வருத்தத்தோடுதான் சொன்னார்: நிரூபணமாகவில்லை. பசித்த வீட்டில் பழைய சோறு என்பதை யாரும் ஊகிக்கலாம். ஊகிக்க முடியாத ஒரே விவரத்தில் வாத்தியார் தவறிவிட்டார். டாக்டருடைய முறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டார், கிடைத்த விடையைச் சரியாக நிறுத்துப் பார்த்தார், தவறான முடிவுக்குச் சரியாக வந்து சேர்ந்தார். கூட்டம் கலைந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி நடந்தது. இலையில் ஊறுகாயைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சிகாமணி விட்டத்து மெத்தையில் முதுகை வைத்துப் புரண்டு புரண்டு முனகினார். பழனாத்தாள் கீழே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பொய் சொல்லல கமலா. செவப்பா எதையோ பாத்தேன். ஊறுகா இல்லைன்னா அது என்ன?"

கமலவேணி முந்தானையை விலக்கிக் கையைத் தூக்கினாள். ஏணியில் ஏறவில்லை. தரையில் நின்றபடியே தூக்கிக் காட்டினாள்.

"மணலுங்க" என்றாள். "மணலுக்கு மாங்கல்யம் தெரியாது. கைல எறங்குனா மட்டும் ரத்தம் வரும். நீங்க அத்தன வருசம் பேசுன பேச்சுல அது இல்ல."

அவர் பார்த்தார். மேலேயிருந்து அவ்வளவு தூரம் பார்த்தவர், இப்போது அந்த ஒரு விரல்நீளத் தழும்பைப் பார்க்கத் தலையைக் குனிந்தார். கழுத்து குனிந்தது, தோள் குனிந்தது, இடுப்பு மெத்தையிலிருந்து விடுபட்டது. விறைப்பாக நின்ற கயிறு முதல்முறையாகத் தொய்ந்து அவள் காலருகே சுருண்டது. பழனாத்தாள் வெற்றிலையை வாயருகே வைத்தபடி அப்படியே இருந்தாள்.

கமலவேணி கயிற்றின் நுனியை ஆட்டுக்கல்லிலிருந்து அவிழ்த்துப் பழனாத்தாளின் மடியில் வைத்தாள்.

"பிடிச்சுக்கோங்க நங்கை. உங்க தம்பி."

வாத்தியாரின் கால் அன்று தரையைத் தொட்டதா, இல்லை ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டதா என்பதில் கல்லங்காட்டில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. பார்ப்பதற்கு அவள் நிற்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பட்டறைத் தெருவில் நடந்தாள், பற்றவைக்கும் பொறிகளுக்கும் அம்மண வண்டிகளுக்கும் நடுவே, கையை மூடாமல் நடந்தாள்.

தங்காயி பட்டறை வாசலில் உட்கார்ந்து உப்புக்காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தேய்க்கவில்லை. கமலவேணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவர் பாத்தது நெசம்" என்றாள். "ஊறுகா இல்ல. இது." கையை நீட்டினாள். "வளையல் ஒடச்சப்ப எறங்குனது. சோத்துல ஒழுகுச்சு. அதத்தான் பாத்திருக்கார். உன்கிட்ட மட்டும் சொல்றேன். உம் பையன் எங்கியோ இருப்பான்."

தங்காயி அந்தக் கையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பையனைப் பற்றி அவள் கேட்பாள், வெளிச்சத்தைப் பற்றிக் கேட்பாள் என்று கமலவேணி காத்திருந்தாள். தகரம் தேய்த்துத் தேய்த்துச் சொரசொரத்துப்போன கட்டைவிரலால் தங்காயி தழும்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருதடவை தடவிப் பார்த்தாள்.

"ரொம்ப வலிச்சுதாக்கா?" என்று கேட்டாள்.